வண்டி நிறுத்தும் இடம்

நான் ஆட்டோ எலெக்ட்ரீசியன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பொய்யன் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம், ஆனால் பேய் பிசாசுக்கு நடுங்குகிற ஆள் என்று மட்டும் நினைக்கக் கூடாது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவில் என் கடை. தொப்பூர் இறக்கத்தில் முனி வழிமறித்து ஹெட்லைட்டை அணைத்துவிட்டது என்று வந்து நின்ற டிரைவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பேன், எர்த் வயர் லூஸாக இருக்கும். முறுக்கிவிட்டு, "உன்ற முனி இங்கதான் உக்காந்திருந்துச்சு, எறக்கி உட்டாச்சு, போ" என்பேன். எதற்கும் ஒரு வயர் இருக்கும், தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான் என் பக்தி. இந்த ஒன்றில் மட்டும் அந்த வயர் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

செங்கோடன் அண்ணன் திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் ரிக் வைத்திருப்பவர். அவருடைய ரிக்குகளுக்கெல்லாம் ஜி.பி.எஸ். மாட்டிக் கொடுத்தது நான்தான். ஒருநாள் காலையில் அவர் ஒரு டிரெய்லரைக் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மேலே தார்ப்பாய் போட்டு மூடி என்னவோ இருந்தது. புது கம்ப்ரஸர் என்று நினைத்து விலக்கினால், ஒரு படகு. கொச்சிப் பக்கம் யாரோ மீன் பிடிக்க வைத்திருந்த பழைய பைபர் படகு, பின்னால் பெட்ரோல் எஞ்சின் தொங்குகிறது, முன்னால் ஸ்டியரிங், கண்ணாடி, ஏகப்பட்ட மீட்டர்கள். கிணற்றில்கூட நாலு முழம் தண்ணீர் நிற்காத ஊரில் படகு வந்து நின்றால் எப்படி இருக்கும், பட்டறை ஆட்கள் வெல்டிங்கை நிறுத்திவிட்டுக் கூடிவிட்டார்கள்.

"ஏனுங்கண்ணா, எல்லாரும் தண்ணிக்குப் போர் போடுவாங்க, நீங்க தண்ணியிலயே எறங்கிட்டீங்களா?" என்றேன்.

"சிரிக்காத. இதுல வழி காட்டற சமாச்சாரம் பூராத்தையும் புதுசா போட்டுக் குடு. மேட்டூர் டேம்ல உடப்போறேன். பர்மிசன் எல்லாம் வாங்கியாச்சு."

அப்போது அவர் காரணம் சொல்லவில்லை, நானும் காசுக்காரர் ஆசை என்று விட்டுவிட்டேன். படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் வயர் எங்கே போனாலும் வயர்தானே. இரண்டு மூன்று நாள் யூடியூப்பில் வெள்ளைக்காரர்கள் பேசுவதைப் பார்த்தேன், கொச்சியில் படகுச் சாமான் விற்கும் ஒருவருக்குப் போன் போட்டு உயிரை வாங்கினேன். லாரி என்றால் இருபத்திநாலு வோல்ட், படகு பன்னிரண்டு. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது வோல்ட் இறங்கித் திரை அணைந்துவிடும், அதனால் கருவிகளுக்கென்று தனி பேட்டரி வேண்டும். செம்பு வயர் ஈரத்தில் பச்சை பூத்துப் போகும், ஈயம் பூசிய வயர்தான் நிற்கும். பழைய வயரிங்கைப் பிய்த்துப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து இழுத்தேன்.

எதை வாங்குவது என்பதில்தான் எங்களுக்குள் பெரிய பஞ்சாயத்து. அண்ணன் ரேடார் கேட்டார், கப்பலா வருகிறது என்றேன். கரையோடு பேசும் ரேடியோ கேட்டார், அந்தப் பக்கத்தில் எடுத்துப் பேச யார் இருக்கிறார்கள் என்றேன். புது லாரிகளில் வருகிற மாதிரி பெரிய திரை வைத்து ரிவர்ஸ் கேமரா மாட்டலாமா என்றார். மீனுக்கு வழிவிடவா என்று கேட்டதும் அவரே சிரித்துவிட்டார். கடைசியில், நாம் நிற்கும் இடத்தையும் அடியில் இருக்கும் ஆழத்தையும் ஒரே திரையில் காட்டும் ஒரு கருவி வாங்கினோம். அதன் சென்சாரைப் படகின் பின்பக்கம், எஞ்சின் விசிறி கிளப்பும் நுரை படாத இடமாகப் பார்த்துப் பொருத்தினேன். ஆழத்தை மீட்டரில் காட்டியது, அண்ணன் அடிக் கணக்கில்தான் யோசிப்பார் என்று அடிக்கு மாற்றிவைத்தேன். கடலுக்கு வரைபடம் வருகிறது, நம் அணைக்கு வருவதில்லை. அதனால் திரையில் மேட்டூர் அணை வெறும் வெள்ளையாகத்தான் இருக்கும். நாம் ஒரு அம்புக்குறி, போகவேண்டிய இடம் ஒரு கொடி, அவ்வளவுதான்.

பழைய ஆழமானி ஒன்று முன்பலகையில் பதித்திருந்தது, உள்ளங்கை அளவு, சாம்பல் நிறத் திரை. அதைக் கழற்றினால் பலகையில் அசிங்கமாக ஓட்டை தெரியும் என்று அப்படியே விட்டேன். அதன் மூலையில் பேட்டரி வோல்ட் சின்னதாகத் தெரியும், அது உபயோகப்படட்டும் என்று கரண்ட் மட்டும் கொடுத்தேன். அதன் சென்சாரைப் படகிலிருந்து கழற்றி என் கையால் குப்பையில் போட்டேன். வயரைத் துண்டாக வெட்டி டேப் சுற்றினேன். இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கருவிக்குத் தண்ணீரோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஸ்விட்ச் போட்டால் எண் வரும் இடத்தில் மூன்று சிறு கோடுகள் மட்டும் மின்னும்.

வேலை முடியும் தறுவாயில் அண்ணனுடைய அக்கா கடைக்கு வந்தார். ருக்குமணி அக்கா, மோகனூர் பக்கம் கோழிப்பண்ணை நடத்துபவர். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார், தனியாளாகப் பண்ணையைத் தூக்கி நிறுத்தி இரண்டு பையன்களை வளர்த்தவர். முட்டை லாரிக்காரர்களே அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது கரெக்டா அந்த எடத்துக்குக் கொண்டுபோயி உட்டுருமா சாமி?"

"எந்த எடத்துக்குங்க அக்கா?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர்கள் வம்சத்தின் பழைய ஊர் மேட்டூர் அணைக்குள் இருக்கிறது. குலசாமி என்பது ஒரு கல், அதுவும் உள்ளேதான். தண்ணீர் வற்றும் கோடையில் காரிலேயே போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருவார்கள். கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை குலசாமிக்குத்தான், இது உங்களுக்கும் தெரியும். மூத்தவன் கல்யாணத்தின்போது அணை நிரம்பிக் கிடந்ததால் கரையிலேயே ஒரு சூடம் கொளுத்தி, பத்திரிகையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அந்த வருடம் முடிவதற்குள் முட்டை லோடோடு போன பையன் நாக்பூர் தாண்டி ஒரு விபத்தில் போய்விட்டான். இப்போது இளையவனுக்குக் கல்யாணம். அணை மறுபடியும் நிரம்பிக் கிடக்கிறது.

"கரையில வெச்சாப் போதும்னு எல்லாரும் சொல்றாங்க. போன வாட்டியும் அதேதான் சொன்னாங்க," என்றார். குரல் உடையவில்லை. "அது மட்டுமில்ல, நீ வெக்கக் கூடாது, தாய்மாமன் வெக்கட்டும்ங்கறாங்க. தாலி இல்லாதவ கையில சாமி பத்திரிகை வாங்காதாமா. வளத்தது இந்தக் கைதானுங்க?"

அந்தப் படகு காசுக்காரர் ஆசை இல்லை என்று அப்போது புரிந்தது. உனக்காகத்தான் வாங்கினேன் என்று அக்காவிடம் அண்ணன் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார், மீன் பிடிக்கத்தான் வாங்கினேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம் என்றார் அண்ணன். கடைசியாகத் தண்ணீர் வற்றியபோது அங்கே எடுத்த குடும்பப் போட்டோ அவர் போனில் இருந்தது, எங்கே எடுத்தது என்ற குறிப்பும் படத்தோடேயே இருந்தது. அதை எடுத்துப் புதுக் கருவியில் ஏற்றிக் கொடி நட்டேன். போட்டோவில் எல்லோரும் காருக்கு முன்னால் பட்டும் வேட்டியுமாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நானும் பெருமையாகத்தான் சொன்னேன், "அக்கா, பந்தலுக்குள்ள மணவறைக்கு நேரா உடறாப்புல கொண்டுபோயி உட்டுரும்."

மார்கழிக் காலையில் போனோம். கல்யாணப் பையனைக் கரையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார் அக்கா, தண்ணீரில் அவனை இறக்க அவருக்கு மனமில்லை. படகில் நாங்கள் மூன்று பேர்தான், அண்ணன் ஸ்டியரிங்கில், நான் கருவிகளுக்குப் பக்கத்தில், அக்கா நடுப்பலகையில். அவர் மடியில் ஒரு மஞ்சள் துணி மூட்டை. உள்ளே நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை பிளாஸ்டிக் உறையில், வெற்றிலை, பாக்கு, மூழ்குவதற்கு எடையாக அண்ணனுடைய ரிக்கில் தேய்ந்துபோன ஒரு பிட். பூமியைத் துளைத்த இரும்பு, சாமிக்கு ஆகும் என்று அக்காவே கேட்டு வாங்கி வைத்ததாம்.

விடிந்து வெயில் வரவேண்டிய நேரம்தான், ஆனால் பனி விலகவில்லை. கொஞ்சதூரம் போனதும் கரை காணாமல் போய்விட்டது. வெளியில் பார்த்தாலும் வெள்ளை, திரையில் பார்த்தாலும் வெள்ளை. ஆனால் அம்புக்குறி கொடியை நோக்கி அழகாக நகர்ந்தது, ஆழம் அறுபது அடிக்கு மேல் காட்டியது. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன். அம்பும் கொடியும் ஒன்றாகச் சேர்ந்ததும் அண்ணன் எஞ்சினை நிறுத்தினார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக் கொஞ்சநேரம் இருந்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். நீல வார் போட்ட சாதாரண ரப்பர் செருப்பு. அது பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்ததால் நானே காலால் பலகைக்கு அடியில் தள்ளி வைத்தேன். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"செங்கோடா, இது சாமி இருக்கற எடமில்லடா. வண்டி நிறுத்தற எடம்."

"அதெப்படிக்கா தெரியுது? தண்ணிதான இருக்குது?"

"போட்டோ எங்க நின்னு எடுத்த?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துப் படத்தைப் பார்த்தார், நானும் எட்டிப் பார்த்தேன். படத்தில் அத்தனை பேர் காலிலும் செருப்பு இருந்தது. அவர்கள் குலசாமிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டாம். செருப்பு, பெல்ட், மணிபர்ஸ், போன் எதையும் கல் பக்கம் கொண்டுபோகக் கூடாது, எல்லாவற்றையும் வண்டியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்கவேண்டும். போன் கல்லுக்குப் பக்கத்தில் ஒருநாளும் போனதே இல்லை. போன் போகாத இடத்தைப் போன் எப்படிச் சொல்லும்? கோயிலுக்கென்று கிளம்பி கார் பார்க்கிங்குக்கு வழி போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம், அத்தனை கருவி வைத்தும்.

அங்கிருந்து கல் கூப்பிடு தூரம்தான். ஆனால் எந்தப் பக்கம்? காய்ந்த தரையில் ஒரு மொட்டைப் பனையை வைத்து அடையாளம் பார்த்து நடப்பார்களாம். இப்போது சுற்றிலும் பனி, படகு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதே தெரியவில்லை.

"அக்கா, இவ்வளவு தூரம் வந்துட்டோம், இங்கயே உட்டுரலாமுக்கா. சாமிக்குத் தெரியாதா?"

"போன வாட்டி கரையில வெச்சப்பவும் நீ இதையேதான் சொன்ன," என்றார் அக்கா. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்போதுதான் பழைய ஆழமானியைப் பார்த்தேன். கோடுகள் இல்லை. ஒரு எண் நின்றது, புதுக் கருவியில் இருந்த அதே அறுபத்திச் சொச்சம்.

சரி, ஆழம் பார்க்கப் புதுக் கருவி தண்ணீருக்குள் அனுப்பும் சத்தம் எப்படியோ வெட்டிய வயரில் ஏறுகிறது என்று நினைத்தேன். அப்படி நடக்கும். ஆனால் எண் குறைய ஆரம்பித்தது. ஐம்பதுக்கு வந்தது, அதற்கும் கீழே போனது. புதுத் திரையில் ஆழம் மாறவே இல்லை, ஆனால் அம்புக்குறி கொடியைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடவில்லை. காற்று இல்லை, மூட்டையின் துணி முனைகூட அசையவில்லை. படகு மட்டும் போய்க்கொண்டிருந்தது, ஆள் நடக்கிற வேகத்தில், நேர்கோட்டில்.

அண்ணன் சாவியைத் திருப்பப் போனார். "போடாத. அது பாட்டுக்குப் போவட்டும்," என்றார் அக்கா.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். புதுக் கருவியை அணைத்தேன். அதன் சத்தம்தான் காரணம் என்றால் பழையது உடனே கோடுகளுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. முப்பது, இருபது என்று இறங்கியது. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன், டேப் சுற்றிய வயர் முனை விரலில் பட்டது, வெட்டியது வெட்டியபடியே இருந்தது. நம்பினால் நம்புங்கள், எனக்கு அப்போது பயம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, கூப்பிடாத வீட்டுக்குள் செருப்புக் காலோடு நுழைந்துவிட்டவன் மாதிரி. என் செருப்பையும் கழற்றினேன். அண்ணன் முன்னாலேயே கழற்றியிருந்தார்.

எண் பூஜ்யத்துக்கு வந்தது. படகு நின்றது.

அக்கா எழுந்து நின்றார். மூட்டையை இரண்டு கையாலும் நீட்டி, ஆளிடம் கொடுப்பதுபோல மெல்லத் தண்ணீரில் விட்டார். "சின்னவனுக்குக் கல்யாணம். மொதப் பத்திரிகை உனக்குத்தான். பெரியவனுக்கு வந்து சொல்ல முடியாமப் போச்சு, மனசுல வெச்சுக்காத. இவனைப் பாத்துக்க." அவ்வளவுதான் சொன்னார். பிறகு உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அண்ணனும் அழுதார், நானும் அழுதேன், எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.

நான் நிமிர்ந்தபோது பழையதில் மூன்று கோடுகள் மின்னின. புதியதை மறுபடி போட்டேன். அறுபத்தி இரண்டு அடி.

கரைக்குத் திரும்பியதும் அக்கா வெறுங்காலோடு இறங்கினார். நான் செருப்பை எடுக்கப் பலகைக்கு அடியில் கையை விட்டேன், இல்லை. படகு முழுக்கத் தேடினேன். என் செருப்பும் அண்ணன் செருப்பும் இருந்தன, அக்காவுடையது மட்டும் இல்லை.

"ஏன் சாமி தேடற? செருப்பை எங்க உடோணுமோ அங்க உட்டுட்டுத்தான் போனேன்," என்று சொல்லிவிட்டு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு முள்ளும் கல்லுமாக இருந்த கரையில் நடந்து போனார்.

வீட்டுக்கு வந்ததும் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. கருவிக்குள் எங்கேயோ ஈரக் கசிவு, அதனால் தப்பு எண். அணைக்குள் அடி நீரோட்டம் இருக்கும், அதனால் படகு நகர்ந்தது. செருப்பு யார் காலோ பட்டுத் தண்ணீரில் விழுந்திருக்கும். மூன்றுக்கும் மூன்று வயர், மூன்றும் தனித்தனியாகப் பிடித்தால் நிற்கிற மாதிரிதான் இருந்தன. கல்யாணம் நல்லபடியாக நடந்தது, பையனும் பெண்ணும் நன்றாக இருக்கிறார்கள். நானும் சாப்பிட்டுவிட்டு வந்தேன், இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த கோடைக்கு அடுத்த கோடை அணை நன்றாக வற்றியது. அண்ணன் கூப்பிட்டார், காரில் போனோம். அன்றைக்குப் படகு இருந்த உயரத்தை நினைத்து மேலே பார்த்தேன், வெறும் வானம்தான் இருந்தது. வெடித்துக் கிடந்த தரையில் நடந்துபோய்க் கல்லைக் கும்பிட்டோம். கல்லுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் அந்தப் பிட் சேற்றில் பாதி புதைந்து கிடந்தது, மஞ்சள் துணி நைந்து ஒட்டியிருந்தது. அதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். படகு சரியான இடத்தில் நின்றால் நேர் கீழேதானே விழும்.

திரும்பி வரும்போது, நாங்கள் காரை நிறுத்தியிருந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா நின்றார்.

ஒரு ஜோடி செருப்பு. நீல வார். வண்டல் படிந்து, காய்ந்து, தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. கிடந்தது என்பதுகூடச் சரியில்லை, நின்றது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், குதிகால் வண்டிகள் நிற்கும் பக்கம், விரல் முனை கல்லைப் பார்த்து, ஒருத்தர் கழற்றிவிட்டு நடந்து போன மாதிரி. அக்கா ஆச்சரியப்படவே இல்லை. பெயர்த்தெடுத்து ஒன்றோடு ஒன்று தட்டி மண்ணை உதிர்த்தார். "வார் நல்லாத்தான் இருக்குது," என்று காலில் மாட்டிக்கொண்டு காருக்குப் போனார்.

என் கடைக்குப் பக்கத்துக் கடையில் பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. மறுநாளே அதே மாதிரி ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்து அதில் போட்டேன். மிதந்தது. கையால் அடிவரைக்கும் அமுக்கிப் பிடித்திருந்துவிட்டு விட்டேன், மேலே வந்தது. பஞ்சர்க்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். அந்தச் செருப்பு இன்னும் அந்தத் தொட்டியில்தான் கிடக்கிறது. வேலை இல்லாத நேரங்களில் போய் அமுக்கிப் பார்க்கிறேன். இன்றைக்குக் காலையிலும் அமுக்கினேன், அடியில் நிற்கவே மாட்டேன் என்கிறது.